தாள் முடிஞ்சா பூமி முடியாது: சின்ன விமானத்துல பேப்பர் சார்ட் இன்னும் வேணுமா?

கேள்வி, 2024 ஜூன் 8

சான் ஹோசேல பிரைவேட் பைலட் லைசென்ஸுக்குப் படிக்கிறேன். 38 மணி நேரம் பறந்தாச்சு, அடுத்து சோலோ கிராஸ் கன்ட்ரி, அதாவது தனியா ஊர் விட்டு ஊர் பறக்கணும். என் டேப்லெட்ல நாடு முழுக்க சார்ட் (விமானிகளுக்கான வரைபடம்) இருக்கு, நான் எங்க இருக்கேன்னு குட்டி விமானப் படம் காட்டுது. இன்ஸ்ட்ரக்டர் மட்டும் பேப்பர் சார்ட் வாங்கு, பென்சிலால கோடு போடு, கையால கணக்குப் போடுன்னு அடம் பிடிக்கிறார். பேப்பர் செத்துப்போச்சுதானே அண்ணா? சட்டப்படி வேணுமா?

பதில், ஜூன் 8, இரவு

செத்துப்போச்சு. வாங்காதீங்க. 56 நாளைக்கு ஒரு தடவை புதுசு வருது, வாங்கி மாளாது. நான் கடைசியா காசு கொடுத்து பேப்பர் வாங்கி ஆறேழு வருஷம் இருக்கும். உங்க இன்ஸ்ட்ரக்டருக்கு வயசு அறுபதுக்கு மேலயா?

ஜூன் 9, காலை

சட்டக் கேள்விக்கு நேத்து பதில் சொல்லாம விட்டுட்டேன். நம்மள மாதிரி பிஸ்டன் எஞ்சின் சின்ன விமானத்துல, பகல்ல, கண்ணால பார்த்துப் பறக்கிறவங்களுக்கு சார்ட் கையில இருக்கணும்னே விதி கிடையாது. பேப்பரும் வேண்டாம், திரையும் வேண்டாம். அமெரிக்க விமான விதி 91.103 கேக்கிறது வேற: கிளம்புறதுக்கு முன்னாடி அந்தப் பயணத்துக்குக் கிடைக்கக்கூடிய எல்லாத் தகவலையும் தெரிஞ்சு வெச்சிருக்கணும். ரன்வே நீளம், வானிலை, எரிபொருள், போற இடத்துல இறங்க முடியலன்னா என்ன பண்றதுங்கிறது உட்பட. ‘எல்லாத் தகவலும்’னு எழுதினவர் நல்ல வக்கீலா இருக்கணும். ஏதாவது தப்பு நடந்தா, அந்தச் சொல்லுக்குள்ள நம்மள எப்படியும் அடக்கிடலாம்.

ஜூன் 9, மதியம்

‘சார்ட் கட்டாயம், 91.503 படிங்க’ன்னு ஒருத்தர் காட்டமா எழுதியிருக்கார். படிச்சேன். அது பெரிய விமானத்துக்கும், ஒண்ணுக்கு மேல எஞ்சின் உள்ள டர்பைன் விமானத்துக்கும். என் குட்டி செஸ்னா 172ல டர்பைன் இருந்தா நான் ஏன் இன்னும் வீட்டுக் கடன் கட்டிட்டிருக்கேன்?

ஜூன் 15

‘வாங்காதீங்க’ன்னு எழுதினது ஒரு வாரமா உறுத்திட்டே இருக்கு. ஏன்னா 2019 ஆகஸ்ட்ல நடந்த ஒண்ணை நான் யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல.

ஹாரிஸ் ராஞ்ச் தெரியுமா? ஐ-5 நெடுஞ்சாலை ஓரம், கோலிங்கா பக்கத்துல பெரிய மாட்டுப் பண்ணை, ஓட்டல், அதை ஒட்டியே ஒரு ரன்வே. அகலம் வெறும் 30 அடி. சாப்பிடறதுக்காகவே பறந்து வருவாங்க. நானும் மனைவியும் காலையில சான் ஹோசே ரீட்-ஹில்வியூ விமான நிலையத்துல கிளம்பிப் போனோம். சாப்பிட்டுட்டுத் திரும்பும்போது மணி ஒண்ணு. வெயில் நாப்பதைத் தொட்டிருக்கும். டேப்லெட்டை கண்ணாடிக்குக் கீழ, நேர் வெயில்ல மாட்டியிருந்தேன். காலையில அது ஒரு பிரச்சினையா தெரியல.

மேல ஏறி ஒரு இருபது நிமிஷம் இருக்கும், திரை கறுத்துப்போச்சு. சூடாயிடுச்சு, ஆறட்டும்னு ஒரு வரி. அவ்வளவுதான்.

போன் பின்சீட்டுப் பையில. பேப்பர் கிடையாது. விமானத்துல ரெண்டு வி.ஓ.ஆர் ரிசீவர் சும்மா உக்காந்திருந்தது. பானோச்சேல இருக்கிற வி.ஓ.ஆர் ரேடியோ நிலையத்தைப் பிடிச்சா, அதுல இருந்து எந்தத் திசையில இருக்கேன்னு சொல்லிடும். அந்த ஃப்ரீக்வென்சி எங்க இருக்கு? கறுத்துப்போன டேப்லெட்டுக்குள்ள.

எனக்கு வெக்கமா இருக்கிற பகுதி இதுதான். கீழ ஐ-5 கோடு போட்ட மாதிரி ஓடுது. அதை ஒட்டி கலிபோர்னியா கால்வாய். இடது பக்கம் மலைத்தொடர். இதைவிடப் பெரிய வழிகாட்டி பூமியில எங்க கிடைக்கும்? ஆனா எனக்கு ஒண்ணும் ஓடல. இருபது நிமிஷமா வெளிய பார்த்துட்டுத்தான் வந்தேன், எதையும் பார்க்கலன்னு அப்பதான் புரிஞ்சது. பார்த்ததெல்லாம் திரையில வழி காட்டுற மெஜந்தாக் கோடு. எந்த ஊர் தாண்டினோம், எத்தனை மணிக்குத் தாண்டினோம், எதுவும் தெரியாது.

அப்போ என் மனைவி, ‘அதோ தண்ணி தெரியுதே, அது சான் லூயிஸ் அணைதானே? அங்க இடது பக்கம் திரும்பினா பச்சேகோ பாஸ், அப்புறம் காசா டி ஃப்ரூட்டா, அப்புறம் கில்ராய்’ன்னாங்க. லாஸ் ஏஞ்சலிஸ்ல அவங்க அக்கா வீடு. 152 நெடுஞ்சாலையில கார்ல அத்தனை தடவை போயிருக்கோம். அங்க திரும்பினேன். மலையைத் தாண்டினதும் ஹாலிஸ்டர் பக்கம் வயல், அப்புறம் 101 நெடுஞ்சாலை. அதைப் பிடிச்சு வீடு.

லைசென்ஸ் என் பேர்ல. வழி சொன்னது அவங்க.

ஜூன் 16

மேல இருக்கிறதை மனைவி படிச்சுட்டாங்க. திருத்தங்கள்: (1) மணி ஒண்ணு இல்ல, ரெண்டரை. பில் வர லேட்டாச்சு. (2) ‘ஒண்ணும் ஓடல’ன்னு நான் கௌரவமா எழுதியிருக்கேன், உண்மையில டேப்லெட்டைத் தட்டித் தட்டித் திட்டிட்டிருந்தேனாம். (3) டேப்லெட்டை வாங்கி கால்கிட்ட காத்து வர்ற இடத்துல வெச்சவங்க அவங்கதான், அது கில்ராய் வர்றதுக்குள்ள உயிர் பெத்து வந்துச்சு. (4) அணையைக் காட்டினதுக்கு நான் அன்னைக்கு நன்றி சொல்லலயாம்.

நாலும் சரி.

ஜூன் 17

‘அப்ரோச் கன்ட்ரோலரைக் கூப்பிட்டிருக்கலாமே?’ன்னு ஒருத்தர் கேக்கிறார். கூப்பிட்டிருக்கலாம். 121.5ங்கிற அவசர ஃப்ரீக்வென்சி இருக்கு. ரேடார்ல பார்த்து ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பாங்க, திட்டவும் மாட்டாங்க. ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’னு சொல்ற ஊர்ல பிறந்துட்டு, வழி கேக்க வாய் வரல. தம்பி, நீங்க கேளுங்க.

ஜூன் 22

‘டேப்லெட்டை நிழல்ல வெச்சா முடிஞ்சது, இதுக்குப் போய் பேப்பரா?’ன்னு கேட்டவருக்கு. நியாயம். அந்த நாளுக்கு அப்புறம் நான் பேப்பர் வாங்கல, சின்ன ஃபேன் வெச்ச மவுன்ட்தான் வாங்கினேன். அதோட நிறுத்தியிருந்தா நல்லது. பட்டுக் கத்துக்கிட்டதெல்லாம் ஒரே மூச்சுல சொல்லிடறேன்.

டேப்லெட் கையேட்டுல 35 டிகிரி வரைக்கும்தான்னு போட்டிருக்கும். நிறுத்தி வெச்ச விமானத்துக்குள்ள அது காலை பத்து மணிக்கே தாண்டும். வைஃபை மட்டும் உள்ள சில மாடல்ல ஜி.பி.எஸ் சிப்பே கிடையாது. வீட்டுல அழகா சார்ட் காட்டும், மேல போனா குட்டி விமானம் வராது. அதுக்குத் தனியா ரிசீவர் வேணும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுட்டு டேப்லெட்டைத் திருப்பி வெச்சா ஒரு கோணத்துல திரை முழுக்கக் கறுப்பு. சூடுன்னு நினைச்சு ஒரு தடவை நான் பதறினேன், கண்ணாடியைக் கழட்டினதும் சரியாச்சு. இன்னொண்ணு ரொம்ப பேர் கவனிக்கிறதில்ல: டேப்லெட் உறையில இருக்கிற காந்தம். திசைகாட்டிக்குப் பக்கத்துல அதை மாட்டினா ஊசி சாயும். அதாவது பேட்டரி போற வரைக்கும் டேப்லெட்டும் ஏமாத்தாது, போனதுக்கு அப்புறம் திசைகாட்டியையும் நம்ப முடியாது. நல்ல ஜோடி.

சார்ஜ் வயர், ரெண்டாவது கருவியா போன், ரெண்டுலயும் சார்ட்டை முன்கூட்டியே இறக்கி வெச்சுக்கிறது, இதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான்.

ஜூன் 23

போன் பின்சீட்டுல இருந்தா ரெண்டாவது கருவி ஆகாது. அது சாமான்.

ஜூன் 30

பேப்பர் பக்தர்கள் ரெண்டு பேர் என்னைக் கட்சியில சேர்த்துக்கிட்ட மாதிரி தெரியுது. இருங்க. பேப்பர் என்னை எப்படிப் படுத்துச்சுன்னும் கேளுங்க.

2013, நான் மாணவன். ரீட்-ஹில்வியூல இருந்து சலினாஸ், கிங் சிட்டி வழியா பாசோ ரோபிள்ஸ் வரைக்கும் சோலோ. முழங்கால்ல கட்டின பலகை, அதுல மடிச்ச சான் பிரான்சிஸ்கோ செக்‌ஷனல். செக்‌ஷனல்னா ஒரு பகுதிக்கான பேப்பர் சார்ட். இந்தத் தாளை மடிக்கிறது புடவை மடிக்கிறதைவிடக் கஷ்டம், அதுவும் ஒரு கையால, இன்னொரு கையில ஸ்டியரிங்கோட. தாளுக்கு ரெண்டு பக்கம், வடக்குக்கு ஒண்ணு, தெற்குக்கு ஒண்ணு. நாப்பா பக்கம் போற ஆளு நடுவானத்துல தாளைத் திருப்பிப் போடணும். ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தா அவ்வளவுதான், பாதிச் சார்ட் மூஞ்சில, மீதிச் சார்ட் வெளிய போகத் துடிக்கும்.

சரி, கிங் சிட்டி தாண்டினேன். சான் ஆர்டோ எண்ணெய்க் கிணறுகள் தெரிஞ்சது, பரவாயில்லன்னு அடுத்த அடையாளத்தைத் தாள்ல தேடினேன். தாள் இல்ல. ஓரம் வந்துடுச்சு. சான் பிரான்சிஸ்கோ செக்‌ஷனல் 36 டிகிரி அட்சரேகைகிட்ட நின்னுடும். பாசோ ரோபிள்ஸ் அதுக்குத் தெற்கே, லாஸ் ஏஞ்சலிஸ் தாள்ல. அந்தத் தாளை நான் வாங்கவே இல்ல.

தாள் முடிஞ்சுபோச்சு, பூமி முடியல.

ஆனா அன்னைக்கு நான் பதறல. முந்தின ராத்திரி போட்ட கணக்கு லாக்ல, அதாவது பயணக் கணக்குத் தாள்ல, இருந்தது. கிங் சிட்டியில இருந்து 41 நாட்டிகல் மைல், 23 நிமிஷம், இந்த ஹெடிங் (விமான மூக்கு பார்க்க வேண்டிய திசை). ஹெடிங்கைப் பிடிச்சேன், கடிகாரத்தைப் பார்த்தேன், 23ஆவது நிமிஷம் ரன்வே மூக்குக்கு நேரா. இப்ப நினைச்சாலும் புல்லரிக்குது. 38 மணி நேரம் பறந்த பையனுக்கு அது தெரிஞ்சிருந்தது. 2019ல 400 மணி நேரம் பறந்த ஆளுக்குத் தெரியல.

ராத்திரிப் பறப்புக்கு ஒரு குறிப்பு: கண்ணு இருட்டுக்குப் பழகணும்னு சிவப்பு டார்ச் அடிச்சு சார்ட் பார்ப்போம். சிவப்பு வெளிச்சத்துல மெஜந்தா மை காணாமப் போயிடும். டவர் இல்லாத விமான நிலையம் பூரா அந்த நிறத்துலதான் அச்சடிச்சிருக்கும். ராத்திரில தேவைப்படறதே அதுதானே. எங்க வாத்தியார் சொல்லித் தரல, நானா கண்டுபிடிச்சு, அரைமணி நேரம் இந்தியானா ஜோன்ஸ் மாதிரி உணர்ந்தேன். அப்புறம் பாடப் புத்தகத்துலயே போட்டிருக்கிறதைப் பார்த்தேன்.

ஜூலை 4

லீவு. ஊரெல்லாம் வெடி. கொஞ்சம் கதை பேசலாம்.

வழி கேக்க வெக்கப்பட்டேன்னு எழுதினேன் இல்ல? 1927ல லிண்ட்பெர்க் நியூயார்க்ல இருந்து பாரிஸுக்குத் தனியா பறந்தப்போ, அட்லாண்டிக்கைத் தாண்டற நேரத்துல மீன்பிடிப் படகுகளைப் பார்த்தார். தாழ இறங்கி, எஞ்சின் வேகத்தைக் குறைச்சு, ஜன்னல் வழியா ‘அயர்லாந்து எந்தப் பக்கம்?’னு கத்தினார். யாரும் பதில் சொல்லல. எங்க ஊர்ப் பக்கம் கடல்ல கேட்டிருந்தா, பதிலோட மீன் விலையும் சொல்லியிருப்பாங்க. பதில் இல்லாமலே அவர் அயர்லாந்து கரையைத் தொட்டார், போட்ட கோட்டுல இருந்து சுமார் மூணு மைல் தள்ளி. வழி முழுக்க நூறு நூறு மைலா வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஹெடிங் முன்கூட்டியே கணக்குப் போட்டு வெச்சிருந்தார். தாளும் திசைகாட்டியும் கடிகாரமும்தான்.

அதுக்கு ஆறு வருஷம் முன்னாடி, 1921 பிப்ரவரி. ஜாக் நைட்னு ஒரு தபால் விமானி. நார்த் பிளாட்ல இருந்து ஓமஹா வரைக்கும்தான் அவர் வேலை. ஓமஹாவுல மாத்தி ஓட்ட ஆள் வரல. ராத்திரி, பனி, அந்த வழியில அவர் இருட்டுல போனதே இல்ல. ஒரு ரோடு மேப்பை வாங்கிட்டு சிகாகோவுக்குக் கிளம்பிட்டார். கீழ ஊர்க்காரங்க அங்கங்க தீ மூட்டி வெச்சாங்க. அப்புறம்தான் அரசாங்கம் பத்துப் பத்து மைலுக்கு ஒரு விளக்குக் கோபுரமும், கீழ கான்கிரீட்ல பெரிய அம்புக்குறியும் போட்டது. பாலைவனத்துல சில அம்புகள் இன்னும் கிடக்கு. அதுதான் முதல் மெஜந்தாக் கோடு, என்ன, மஞ்சள் பெயின்ட்.

ஜெப்பஸன் சார்ட் பேரு தெரியாத பைலட் இல்ல. எல்ரி ஜெப்பஸனும் தபால் விமானிதான். பத்து சென்ட் குறிப்பு நோட்டு ஒண்ணு வாங்கி, மலை உயரம், புகைபோக்கி உயரம், இறங்கக்கூடிய வயல், வானிலை சொல்லக்கூடிய விவசாயியோட போன் நம்பர் எல்லாம் எழுதி வெச்சார். மத்த விமானிகள் கேக்கக் கேக்க, 1934ல 10 டாலருக்கு விக்க ஆரம்பிச்சார். சார்ட்டுன்னா அதுதான்: முன்னாடி போனவன் பின்னாடி வர்றவனுக்குச் சொல்ற துப்பு.

ஜூலை 4, கொஞ்ச நேரம் கழிச்சு

தம்பி கேட்டது சோலோவுக்கு சார்ட் வாங்கணுமான்னு. நான் 1921ல நிக்கிறேன். மன்னிக்கணும்.

ஜூலை 14

சோதனை ஒண்ணு பண்ணிப் பார்த்தேன். அதே ஹாரிஸ் ராஞ்ச், இந்தத் தடவை காலை ஆறரைக்கே கிளம்பி, வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிட்டேன். டேப்லெட்டை அணைச்சு பையில போட்டேன் (எட்டுற இடத்துல!). புது சான் பிரான்சிஸ்கோ செக்‌ஷனல் ஒண்ணு. ஆமா, காசு கொடுத்து வாங்கினேன். சிரிக்காதீங்க. வலது சீட்டுல இன்னொரு பைலட் நண்பர், அவர் டேப்லெட்டை அவர் மட்டும் பார்க்கலாம், நான் கேட்டாத்தான் சொல்லணும்னு ஒப்பந்தம்.

இப்பதான் எனக்கு ஒண்ணு உறைச்சது. செக்‌ஷனல் அளவு 1:500,000. ஒரு சென்டிமீட்டர்னா அஞ்சு கிலோமீட்டர். என் கட்டைவிரல் மேல்கணு ஒரு அங்குலம், அது ஏறக்குறைய 7 நாட்டிகல் மைல். என் பழைய 172 போற 105 நாட் வேகத்துக்கு அது 4 நிமிஷம். அதனால ‘அந்தக் கால்வாய் வளைவு ரெண்டு கணு தூரம், எட்டு நிமிஷம்’னு விரலே சொல்லிடுது. மாணவனா இருந்தப்போ இது கைக்குத் தெரிஞ்சிருந்தது. எப்ப மறந்துச்சுன்னு யோசிச்சா, டேப்லெட்ல ரெண்டு விரலால பெரிசாக்கிச் சின்னதாக்கிப் பழகின அன்னைக்குத்தான். அங்க கட்டைவிரலுக்கு நிலையான தூரம் கிடையாது. இப்ப ரெண்டு மைல், அடுத்த நிமிஷம் முப்பது மைல். திரையோட மூலையில அளவுகோல் இருக்கு, உண்மைதான். நீங்க கடைசியா அதை எப்ப பார்த்தீங்க?

இன்னொண்ணு. தாள்ல நான் எங்க இருக்கேன்னு அது சொல்லாது, நான்தான் சொல்லணும். அதனால ‘இன்னும் நாலு நிமிஷத்துல இடப்பக்கம் ஒரு ஊர் வரணும், ரயில் பாதை அதைக் குறுக்கே வெட்டணும்’னு முன்கூட்டியே எதிர்பார்க்கிறேன். வந்தா சந்தோஷம். வரலன்னா, தப்பு நடந்து நாலே நிமிஷத்துல எனக்குத் தெரிஞ்சுபோச்சு. திரையில நான் எதிர்பார்க்கிறதே இல்ல, பதில் முன்னாடியே நிக்குது.

நண்பர் கணக்குப்படி, போகும்போது அதிகபட்சம் ரெண்டரை மைல் விலகினேன். அவர் டேப்லெட்டோட ஓட்டின திரும்பற வழியில விலகல் பூஜ்யம். ஆனா நடுவுல, ‘இப்ப கீழ இருக்கிற ஊர் எது?’ன்னு கேட்டேன். குனிஞ்சு டேப்லெட்டைப் பார்த்துட்டுத்தான் சொன்னார். அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதறேன்.

ஹாரிஸ் ராஞ்சை இறங்கும்போது மூக்காலயே கண்டுபிடிக்கலாம்ங்கிறதையும் பதிவு பண்றேன். ஆயிரக்கணக்கான மாடு.

ஜூலை 21

‘தாள் பொய் சொல்லாது’ன்னு எழுதினவருக்கு: 1995 டிசம்பர் 20, கொலம்பியா, காலி நகரம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965. இறங்குற நேரம், கன்ட்ரோலர் ரோஸோங்கிற ரேடியோ நிலையம் வழியா வரச் சொல்றார். காகிதச் சார்ட்ல ரோஸோவோட குறியீடு ‘ஆர்’. விமானி கணினியில ‘ஆர்’னு ஒரே எழுத்தை அடிச்சு, பட்டியல்ல முதல்ல வந்ததைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் கணினியோட தரவுல அது ரோஸோ இல்ல, போகோட்டா பக்கத்துல நூறு மைலுக்கும் மேல தள்ளி இருந்த ரோமியோ. விமானம் சமர்த்தா அந்தப் பக்கம் திரும்புச்சு, நடுவுல மலை. 159 பேர் இறந்தாங்க, நாலு பேர் பிழைச்சாங்க.

இதுல தாள் சரியா தப்பா? தாள்ல இருந்தது சரி. கணினியிலயும் ரோஸோ இருந்தது, முழுப் பேரா அடிச்சாத்தான் வரும். ரெண்டும் ஒரே எழுத்துக்கு வேற வேற அர்த்தம் வெச்சிருந்தது. நடுவுல இருந்தவங்களுக்கு இருட்டு, அவசரம். காரணம் இது ஒண்ணு மட்டும் இல்ல, ஆனா தாள் கட்சியும் திரைக் கட்சியும் இதைத் தன் பக்கம் சாட்சியா இழுக்கிறப்போ எனக்குக் கோவம் வருது.

திரை சொல்ற பொய்யில எனக்கு ரொம்பப் பயம் வானிலைப் படம்தான். மழை ரேடார் கலர் கலரா ஓடும், ஓரத்துல ‘2 நிமிஷம் முன்’னு இருக்கும். அது பல ரேடார் படத்தை ஒண்ணா தைச்ச நேரம். உள்ள இருக்கிற ரேடார் தரவு அதைவிட 15, 20 நிமிஷம் கூடப் பழசா இருக்கலாம்னு விபத்து விசாரணை வாரியமான என்.டி.எஸ்.பி 2012லயே எச்சரிச்சது. இடிமேகத்துக்கு 20 நிமிஷம்ங்கிறது ஒரு ஆயுசு. படத்துல தெரியற சந்து வழியா நுழையப் பார்க்காதீங்க, அது மூடி ரொம்ப நேரம் ஆயிருக்கும்.

ஆகஸ்ட் 3

இப்போ தாள் என்னைக் கவுக்கப் பார்த்த கதை. போன வருஷம், ஒரு ஞாயித்துக்கிழமை, அமெரிக்கக் கால்பந்து சீசன். பாலோ ஆல்டோவுக்கு ஒரு குட்டிப் பறப்பு, பத்து நிமிஷ வேலை, மனப்பாடமான வழி. அன்னைக்கு டேப்லெட்டை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன். நண்பரோட பழைய தாள் விமானத்துல கிடந்தது, போதும்னு கிளம்பப் போனேன். எஞ்சின் போடறதுக்கு முன்னாடி நண்பர் அவர் போனைப் பார்த்துட்டு, ‘லீவைஸ் ஸ்டேடியத்துல மேட்ச் இருக்கே’ன்னார்.

30,000 பேருக்கு மேல உக்காரக்கூடிய ஸ்டேடியத்துல பெரிய லீக் ஆட்டம் நடந்தா, ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்ல இருந்து முடிஞ்சு ஒரு மணி நேரம் வரைக்கும், சுத்தி 3 நாட்டிகல் மைல், தரையில இருந்து 3,000 அடிக்குக் கீழ, கன்ட்ரோலர் அனுமதி இல்லாம நுழையக் கூடாது. ஸ்டேடியம் நாங்க போற வழியை ஒட்டித்தான். என்னைக்கு மேட்ச்னு தாளுக்கு எப்படித் தெரியும்? ஜனாதிபதி ஊருக்கு வந்தாலும், காட்டுத்தீ அணைக்கிற விமானம் பறந்தாலும், தாள் அமைதியாத்தான் இருக்கும். இந்த ஒரு விஷயத்துல டேப்லெட் இல்லாமப் பறக்கிறதை நான் இனிமே யோசிக்கக்கூட மாட்டேன்.

ஆகஸ்ட் 4

‘போன்ல வானிலைச் சேவையைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பாங்க’ – ஆமா. 91.103. அந்த வக்கீல் நினைவு எனக்கும் வந்துச்சு.

செப்டம்பர் 1

ஜி.பி.எஸ்ஸே போனா? டேப்லெட் ரெண்டு, போன் ஒண்ணுன்னு எத்தனை வெச்சிருந்தாலும் எல்லாம் ஒரே வானத்து சிக்னலைத்தான் நம்புது. நம்ம கலிபோர்னியாவுலயே சைனா லேக் கடற்படைத் தளத்துல ஜி.பி.எஸ்ஸைத் தடுக்கிற சோதனை நடத்துவாங்க, முன்கூட்டியே அறிவிப்பும் வரும். உயரம் கூடக் கூட பாதிப்பு வட்டம் பெரிசாகும். அறிவிப்பே இல்லாம நடந்ததும் உண்டு: 2022 அக்டோபர் 17, டல்லாஸ் பகுதியில விமானங்களுக்கு ஜி.பி.எஸ் சரியா வரல, பெரிய விமான நிலையத்துல ஒரு ரன்வேயையே கொஞ்ச நேரம் மூடினாங்க.

இதுக்காகத்தான் பழைய வி.ஓ.ஆர் நிலையங்களை அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ முழுசா மூடல. ஏறக்குறைய 900 இருந்ததை 600க்குக் கீழ கொண்டுவர்ற திட்டம். ஜி.பி.எஸ் போனாலும் 100 மைலுக்குள்ள ஏதாவது ஒரு விமான நிலையத்துல வி.ஓ.ஆரை வெச்சு இறங்க முடியணும்ங்கிறது கணக்கு. ஊர்ல பம்புசெட் வந்தப்புறமும் கிணத்துல ராட்டினத்தை விட்டு வெச்ச மாதிரி. ஆனா ராட்டினம் இருந்தா போதாது, இழுக்கத் தெரியணும். பானோச்சே ஃப்ரீக்வென்சியை ஒரு ஸ்டிக்கர்ல எழுதி பலகையில ஒட்டியிருக்கேன். 2019க்கு லேட்டு, பரவாயில்ல.

செப்டம்பர் 22

தம்பி செக்ரைடு (லைசென்ஸுக்கான பறப்புத் தேர்வு) பாஸ்! வாழ்த்துகள். எக்ஸாமினர் நடு வழியில டேப்லெட்டை வாங்கி மடியில கவுத்து வெச்சுட்டு, ‘இப்ப ஹாலிஸ்டருக்குத் திரும்பு’ன்னாராம். தேர்வு விதியில கண்ணால பார்த்து வழி கண்டுபிடிக்கிறதும், வேற இடத்துக்குத் திரும்பறதும், வழி தப்பினா என்ன பண்றதும் இன்னும் இருக்கு. தாளை எடுத்தாரான்னு கேட்டேன். ‘இல்லண்ணா, ஹாலிஸ்டர் ஜன்னல்லயே தெரிஞ்சது’ங்கிறார்.

அக்டோபர் 13

கராஜைச் சுத்தம் பண்ணினேன். 2013 பலகை கிடைச்சது, அந்தப் பாசோ ரோபிள்ஸ் லாக் தாள் கிளிப்ல அப்படியே இருக்கு.

ஜூன் 30 குறிப்புல பெருமையா எழுதியிருந்தேன் இல்ல, ‘ஹெடிங்கைப் பிடிச்சேன், 23ஆவது நிமிஷம் ரன்வே மூக்குக்கு நேரா’ன்னு? லாக்கைப் பார்த்தேன். கிங் சிட்டியில இருந்து பாசோ ரோபிள்ஸுக்கு உண்மைத் திசை 145 டிகிரி. நம்ம பக்கம் காந்த விலகல், அதாவது நிஜ வடக்குக்கும் திசைகாட்டி காட்டுற வடக்குக்கும் உள்ள வித்தியாசம், கிழக்கு 13. கிழக்குன்னா கழிக்கணும், 132 வரணும். நான் கூட்டியிருக்கேன். 158னு பெருசா எழுதி ரெண்டு கோடு வேற போட்டிருக்கேன்.

158ஐப் பிடிச்சிருந்தா 23ஆவது நிமிஷம் பாசோ ரோபிள்ஸுக்கு மேற்கே பதினெட்டு மைல் தள்ளி மலைக்கு மேல இருந்திருப்பேன். அப்படின்னா அன்னைக்கு நான் ஹெடிங்கைப் பிடிக்கவே இல்ல. 101 நெடுஞ்சாலையைப் பிடிச்சுட்டுப் போயிருக்கேன், சான் ஆர்டோ, பிராட்லி, சான் மிகேல்னு ஊர் ஊரா. பதினோரு வருஷமா எனக்கு நானே வேற கதை சொல்லிட்டிருந்திருக்கேன்.

‘எக்ஸெல் எல்லாம் வேண்டாம், கையால கணக்குப் போட்டாத்தான் மண்டையில நிக்கும்’னு சொன்ன என் இன்ஸ்ட்ரக்டர் அந்தத் தாளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கார். 158க்குப் பக்கத்துல ஒரு டிக்கும் இருக்கு.